காலண்டர் தாளில் சிவப்புக் கறை

மெக்கானிக் சோணைமுத்துவுக்கு வெள்ளைத்துரை ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி தர வேண்டியிருந்தது. அவனுடைய பழைய அம்பாசிடர் காருக்கு இஞ்சின் வேலை பார்த்த கூலியில் நின்றுபோன மிச்சம் அது. இரண்டாயிரத்து ஆறில் சிவகாசிப் பக்கம் அது மலைக்க வைக்கிற தொகை கிடையாது. பட்டாசு சீசனில் ஆர்டர் கொடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு நாலு நல்ல வாடகை ஓட்டினால் தீர்ந்துபோகும். ஆனால் சீசன் முடிந்து, பொங்கலும் போய், பாக்கி மட்டும் அப்படியே நின்றது.

கொடுக்க வக்கில்லாதவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. விஸ்வநத்தத்தில் ஒன்றுமில்லாமல் பிறந்து நிமிர்ந்து நின்றவர்கள் யார் யார் என்று கேட்டால், முதலில் மடக்குகிற விரல் வெள்ளைத்துரைக்குத்தான். அப்பன் அடுத்தவன் காட்டில் பருத்தி எடுத்தவன். இவனோ, இரண்டாம் வகுப்பு வாத்தியாருக்குத் தன் முகம் சரியாகப் பிடிபடும் முன்னாலேயே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போய்விட்டான். அந்தப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். பிறகு பட்டாசு ஆபீசில் மருந்துத் தூசிக்கு நடுவே வேலை. லோடு ஏற்றினான், லாரியில் கிளீனராய்ப் போனான், கம்பெனி வேனுக்கு டிரைவர் ஆனான். நாற்பத்தைந்து வயதில் சொந்தக் கார் வாங்கினான். சிபாரிசு கிடையாது, சொத்து கிடையாது, படிப்பு கிடையாது. இந்தப் பொட்டல் காட்டைப் பணம் புழங்குகிற ஊராக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படிப்பட்டவர்கள்தான். அதை எந்தச் சபையிலும் மார்தட்டிச் சொல்லலாம்.

சோணைமுத்து அவனோடு அதே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவன். ஊர் முகப்பில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் கடை வைத்திருந்தான். இரண்டு பேரும் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

வெள்ளைத்துரையின் மனைவி மாடத்தி சரவெடி பின்னுகிறவள். ஒற்றை வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துச் சரமாகக் கோக்கிற வேலை. அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே பக்கத்துக் கட்டடத்துப் பெண்கள் வருவார்கள். நூல் முடிச்சை வலது கை மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டி இறுக்குவாள். அவள் பின்னிய சரம் மறு சோதனை இல்லாமலே பெட்டிக்குள் போகும். அப்படிப் பின்னிச் சேர்த்த காசை அவள் பொங்கலுக்கு முன்னால் புருஷன் கையில் கொடுத்தாள்.

"சோணைமுத்து அண்ணனுக்கு உள்ளத முழுசாக் குடுத்துருங்க. அவுக வாய் தொறந்து கேக்க மாட்டாக."

"இன்னைக்கே குடுத்துருதேன்" என்று சொல்லித்தான் புறப்பட்டான். வழியில் சிவகாசிக் கடைவீதியில் ஒரு சீட் கவர் கடை. மெரூன் நிற வெல்வெட்டில் ஒரு செட் தொங்கிக்கொண்டிருந்தது. வாடகைக்கு வருகிற வியாபாரிகள் முதலில் பார்ப்பது சீட்டைத்தான், சோணைமுத்து எங்கே ஓடிப்போகப் போகிறான், அடுத்த வாரம் கொடுத்தால் ஆயிற்று என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். வண்டி வெல்வெட்டோடு வீடு திரும்பியது. மாடத்தி சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே டீக்கடையில் வம்பு வந்தது. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் சோணைமுத்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"என்ன முதலாளி, வண்டிக்கு வெல்வெட்டுச் சட்டையெல்லாம் போட்டுட்டீரு. வண்டிக்கு வைத்தியம் பாத்த டாக்டரு மட்டும் இன்னும் கிழிஞ்ச பனியனோட அலையுதாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைத்துரையும் சிரித்தான். "டாக்டருக்குப் பீஸு குடுத்தாப் பனியன் மாத்திருவாராக்கும்? அவரு பெறக்கும்போதே அந்தப் பனியனோட பெறந்தவருல்லா" என்று திருப்பிக் கொடுத்தான். சிரிப்பு இன்னும் பெரிதானது. ஆனால் அவன் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு நடந்தான். அன்றிலிருந்து அவன் கார் ஊர் முகப்பு வழியாகப் போகவில்லை. கண்மாய்க்கரை மண் ரோட்டில் சுற்றிப் போனது. அந்த மண் ரோட்டுப் பள்ளங்கள் வண்டியை என்ன செய்யும் என்று தெரியாத டிரைவர் இல்லை அவன். தெரிந்தேதான் போனான்.

வண்டி ஒழுக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க வெள்ளைத்துரை ஒரு வழி வைத்திருந்தான். அச்சாபீஸ்களில் காலண்டர் ஓட்டும்போது நிறம் சரியாக விழும்வரை கொஞ்சம் தாள் கழியும். அந்தத் தாள்களை வாங்கி வந்து, ராத்திரி வண்டியை நிறுத்தியதும் இஞ்சினுக்கு அடியில் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்துவிடுவான். சாமி படம் போட்ட தாளை மண்ணில் போட மனசு வராது. பூ, அருவி, குழந்தை என்று பார்த்து எடுத்து வருவான். காலையில் தாளைப் பார்த்தால் வண்டியின் உடம்பு தெரிந்துவிடும். கறுப்பாய் விழுந்தால் இஞ்சின் ஆயில். காவி கலந்த சிவப்பாய் விழுந்தால் ரேடியேட்டரின் துருத் தண்ணீர். நிறமில்லாமல் நனைந்திருந்தால் பிரேக் ஆயிலோ என்று சந்தேகப்பட வேண்டும். மற்ற டிரைவர்கள் மூக்கால் மோந்து பார்ப்பார்கள். பட்டாசு மருந்திலேயே வளர்ந்த மூக்கு இவனுடையது. டீசலுக்கும் ரசத்துக்குமே வித்தியாசம் சொல்லாது. அதனால் கண்ணை மட்டும் நம்பினான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. தாளின் ஓரத்தில், முன் சக்கரத்துப் பக்கமாய், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

"ரேடியேட்டரு" என்றான் வெள்ளைத்துரை, குனிந்தபடியே.

முறத்தோடு வந்த மாடத்தி எட்டிப் பார்த்தாள். "ரேடியேட்டரு நடுவுலல்லா இருக்கு. இது சக்கரத்துக்கிட்ட விழுந்துருக்கே."

"வாசல் சரிவா இருக்குல்ல. தண்ணி கம்பியப் புடிச்சு ஓடி ஓரத்துல வந்து சொட்டும். ஒனக்கு எங்கன தெரியப் போகுது."

"எனக்குத் தெரியாதுதான். தெரிஞ்சவுக ஊர் முகப்புல கடை போட்டு உக்காந்துருக்காக. ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துருங்களேன்."

"இந்தச் சொட்டுத் தண்ணிக்கு அவன்ட்டயா போகணும்? குத்தாலம் போறப்ப நடுவழியில ஒழுகுச்சே, அப்ப எந்த மெக்கானிக்கு கூட வந்தான்?"

அந்தக் குற்றாலக் கதை அவன் வாயில் தேயாத கதை. அச்சாபீஸ் கணக்கர் லட்சுமிகாந்தத்தைக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போன வாடகை. வழியில் ரேடியேட்டர் ஒழுகி வண்டி கொதித்து நின்றுவிட்டது. லட்சுமிகாந்தம் வேறு வண்டி பார்க்கலாம் என்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டு நின்றபோது, வெள்ளைத்துரை ரோட்டோரத்து வீட்டில் ஒரு பிடி மஞ்சள் பொடி கேட்டு வாங்கி ரேடியேட்டரில் போட்டான். பொடி ஊறிப் போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது. குற்றாலம் போய், குளித்து, திரும்பி வந்து சேரும்வரை ஒரு சொட்டு விழவில்லை. இன்னொரு தடவை டீசல் டாங்கில் விரிசல் கண்டபோது சலவைச் சோப்பைப் பிசைந்து அப்பி ஒரு வாரம் ஓட்டினான். இவையெல்லாம் நடந்தவைதான், புளுகு கிடையாது. கைக்கு வேலை படிகிற ஆள்தான் அவன். அந்தக் கைதான் அவனைக் கெடுத்தது.

மாடத்தி முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணனுக்குப் பாக்கி குடுக்காதது ஒங்களுக்குக் கூச்சமா இருக்கு. அதுக்குத்தான் இம்புட்டு வியாக்கியானம்."

"கூச்சமா? எனக்கா?"

"பின்ன எதுக்குக் கண்மாய்க்கரை வழியாச் சுத்துதீக? மருவாதியாப் போயி, சீட் கவர் வாங்கிட்டேன் மாப்ள, அடுத்த மாசம் தாரேன்னு சொன்னா அவுக என்ன தலையையா சீவிருவாக?"

வெள்ளைத்துரை வண்டிக்கு முன்னால் போனான். பானெட்டைத் தூக்கி முட்டுக் கம்பியைக் கொடுத்துவிட்டு நின்றான். அந்த நேரத்தில் அவனுக்கு முன்னால் இரண்டு வழி கிடந்தது. ஒன்று, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு சோணைமுத்து கடைக்குப் போவது. அங்கே பாக்கியைப் பற்றிப் பேச்சு வரும். வராவிட்டாலும் சோணைமுத்துவின் கண் அந்த வெல்வெட்டு சீட்டில் ஒரு தடவை விழுந்து எழும். கடையில் நிற்கிற நாலு பேருக்கு அது போதும். இன்னொன்று, தானே பார்த்துவிடுவது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. பழைய வண்டியில் எந்த நாளும் ஒரு விரல் குறையத்தான் செய்யும். ஆனால் அவன் தேடியது கிடைத்துவிட்டது.

பக்கத்திலேயே பிரேக் ஆயில் டப்பா இருந்தது. மூடியைத் திருகி உள்ளே பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கறையை ஒரு விரலால் தொட்டு உருட்டிப் பார்த்திருந்தால்கூடப் போதும். தண்ணீருக்கு வழுவழுப்புக் கிடையாது. அவன் தொடவில்லை.

"அடுப்படியில மஞ்சப்பொடி இருக்கா?" என்று கேட்டான்.

மாடத்தி டப்பாவோடு வந்தாள். "கொழம்புக்கு வச்சிருந்தது. காருக்கும் கொஞ்சம் கருவாடு போடவா?"

"சிரிக்காத. நாளைக்குக் காலையில தாளப் பாரு, அப்பப் பேசு."

மறுநாள் கறை சுருங்கியிருந்தது. அதற்கு மறுநாள் ஒரு பொட்டு அளவுதான். வெள்ளைத்துரை அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை போய்க் காட்டினான். பிரேக் டப்பாவில் ஆயில் தீரத் தீர ஒழுகுவதும் குறையும் என்ற கணக்கு அவனுக்குத் தோன்றவில்லை. பிரேக்கை இரண்டு மிதி மிதித்த பிறகே வண்டி கேட்டது. பழைய வண்டி, நம்மைப்போல அதற்கும் வயசாகிவிட்டது என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அச்சங்குளத்தில் மாடத்தியின் அக்கா மகளுக்குச் சடங்கு. பஸ்ஸில் போகலாம் என்றாள் மாடத்தி. சொந்தக் கார் வாசலில் நிற்க, மதினி வீட்டு விசேஷத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்குவதா? வெள்ளைத்துரை வண்டியைத் துடைத்து, வெல்வெட்டைத் தட்டி, அவளை முன் சீட்டில் உட்கார வைத்தான். சீர்த் தட்டு பின் சீட்டில் இருந்தது. மாடத்தி சுங்கிடிச் சேலை கட்டியிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"சீட்டு நல்லாத்தான் இருக்கு. இடுப்பு நோவல."

அதைக் கேட்டதும் அவனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இந்த வாரமே வாடகைக் காசை எடுத்துக்கொண்டு சோணைமுத்துவிடம் போய்விட வேண்டும் என்று அப்போது நினைத்தான். பின்னால் எத்தனையோ தடவை அதை எண்ணி எண்ணி மாய்ந்துபோயிருக்கிறான்.

சாத்தூர் ரோட்டில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் பட்டாசு ஆபீஸ் வேன் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டு நின்றது. பெண்கள் தூக்குவாளிகளோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைத்துரை பிரேக்கை மிதித்தான். மிதி தரைவரை போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது மிதி, மூன்றாவது மிதி. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கை பிரேக்கை இழுத்தான். கியரைக் குறைத்தான். வேனுக்கும் அவனுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான்.

கார் கருவேலஞ்செடியை முறித்துக்கொண்டு இறங்கிப் போய் வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதி நின்றது. ரோட்டில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெள்ளைத்துரைக்கு நெற்றியில் சின்னக் காயம். மாடத்தி மோதும் முன்னால் வலது கையை டாஷ்போர்டில் ஊன்றியிருந்தாள்.

வேனில் வந்த பெண்கள்தான் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். அதில் ஒருத்தி, "ஐயோ, இது சரம் பின்னுற மாடத்தியக்காள்ல" என்றாள். மாடத்தி அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கை என்னுதாட்டமே இல்லங்க" என்றாள்.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. தகடு வைத்தார்கள். சோணைமுத்து செய்தி கேட்டு வேலையைப் போட்டபடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். மாடத்தியின் கட்டில் பக்கத்தில் இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறோடு பாலத்துக்கு வந்தான். வெள்ளைத்துரை அங்கே முன்னாலேயே வந்து நின்றான்.

சோணைமுத்து முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தான். விரல் மஞ்சளாய் வந்தது.

"இது யாரோட வைத்தியம்லே?"

"நாந்தான்."

"ரேடியேட்டரு நல்லாருக்கு. சக்கரத்துல பிரேக் ரப்பரு நைஞ்சு போயிருக்கு. நூத்தம்பது ரூவா சாமான்."

"தாள்ல செவப்பா விழுந்துச்சு மாப்ள. துருத்தண்ணின்னு நெனச்சேன்."

"பிரேக் ஆயிலு எங்கன செவப்பா விழும்?"

ஸ்பானர்களைச் சுற்றி வைத்திருந்த அந்தத் தாள் டிக்கியில் கிடந்தது. வெள்ளைத்துரை எடுத்து நீட்டினான். சோணைமுத்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பினான். மறுபக்கம் ஒரு பெரிய ரோஜாப்பூ. கறை விழுந்த இடத்துக்கு நேராகப் பூவில் சிவப்பு கரைந்துபோய் வெளுத்த வட்டம் ஒன்று இருந்தது.

"பிரேக் ஆயிலு கார் பெயிண்டையே உரிச்சிப் போடும்லே. காயாத காலண்டர் மையி அதுக்கு எம்மாத்திரம். பூவோட செவப்பு ஊறி மேல வந்துருக்கு, நீ அதப் பாத்துத் துருன்னு நெனச்சிட்ட." சோணைமுத்து தாளை மடித்தான். மடித்ததை மறுபடி மடித்தான். "எங்கிட்ட ஏன்லே வரல?"

வெள்ளைத்துரை கருவேலஞ்செடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த ஆயிரத்து எண்ணூறுக்கா?"

"டீக்கடையில பத்துப் பேருக்கு முன்னால கேட்டியே."

"வெளையாட்டுக்குல்லா கேட்டேன்." சோணைமுத்து கயிற்றின் முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். "அன்னைக்கி நீயும்தான சிரிச்ச."

இரண்டு பேருமாய் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மாடத்தியின் மணிக்கட்டு பாதிக்குமேல் மடங்கவில்லை. சரம் பின்ன உட்கார்ந்து பார்த்தாள். விரல்கள் ஓடின. முடிச்சு இறுகவில்லை, நூல் நழுவிக்கொண்டே இருந்தது. ஆபீசில் அவள் சரத்தைப் பிரித்து மறுபடி பின்ன ஆள் போட்டார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கூலி பாதி. அவள் பின்னுவதைப் பார்க்க வந்த பெண்கள் இப்போது அவள் இருக்கிற பக்கம் வருவதில்லை. வந்தால் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

கைக்கு வராத வேலையே இல்லை என்று சொல்லித் திரிந்த வெள்ளைத்துரை, நூலையும் கழித்துப்போட்ட காகிதக் குழாய்களையும் வாங்கி வந்து அவளிடம் முடிச்சைச் சுண்டி இறுக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளப் பார்த்தான். தன் கைக்கு அது பிடிபட்டால் அவளுடைய பங்கை ஈடு கட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. மாடத்தி சொல்லிக் கொடுத்தாள். இடது கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவன் போட்ட முடிச்சு ஒன்றுகூட நிற்கவில்லை.

"விடுங்க" என்றாள் ஒருநாள். "இது அப்பிடியெல்லாம் வராது."

காரை விருதுநகர் புரோக்கர் ஒருவன் வந்து பார்த்தான். வெல்வெட்டு சீட்டுக்கு மட்டும் தனியாக விலை சொன்னான். விற்ற காசில் ஆஸ்பத்திரிக் கடனை அடைத்தது போகக் கொஞ்சம் மிஞ்சியது. வெள்ளைத்துரை பழைய கம்பெனி வேனுக்கே டிரைவராகப் போனான். வேன் ஊர் முகப்பு வழியாகத்தான் போக வேண்டும். தகரக் கொட்டகையைக் கடக்கும்போது ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். அங்கே சோணைமுத்துவும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

புரட்டாசியில் ஒரு சம்பள நாள். மாடத்தி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்க. அண்ணன் கடைக்குப் போயிட்டு வந்துருவோம்."

"நான் எதுக்கு? நீயே குடுத்துட்டு வா."

"நீங்கதான பாக்கி வச்சீக. நீங்க வரணும்."

நடந்தே போனார்கள். சோணைமுத்து ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். மாடத்தி சுருக்குப் பையை அவிழ்ப்பதைப் பார்த்ததும் இரண்டு எட்டுப் பின்னால் போனான்.

"வேணாம்மா. அந்தக் காசு எனக்கு வேணாம். அதப் பத்தி நான் பேசுனதே தப்பு."

"நீங்க வேணாம்னு சொல்லிட்டா இவுக இந்த ரோட்டுல கடைசிவரைக்கும் தலையக் குனிஞ்சிட்டுத்தான் போவாக. நீங்களும் அப்பிடித்தான் இருப்பீக. எனக்கு ரெண்டு பேரையும் பாக்கச் சகிக்கலண்ணே. கைய நீட்டுங்க."

சோணைமுத்து பழந்துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு நீட்டினான்.

மாடத்தி நூறு ரூபாய்த் தாள்களை வலது கை விரல்களுக்கு இடையில் செருகிக்கொண்டு, இடது பெருவிரலால் ஒவ்வொன்றாய்த் தள்ளினாள். பழகாத விரல். தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன.

"குடு, நான் எண்ணுதேன்" என்று வெள்ளைத்துரை கையை நீட்டினான்.

"நீங்க சும்மா நில்லுங்க."

அவன் நின்றான். ஒரு தாள் கீழே விழுந்தது. அவளே குனிந்து எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று அவள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, ஆயில் படிந்த அந்த உள்ளங்கையில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. கடைசித் தாளை வைத்துவிட்டு அவள் விரலை எடுத்த பிறகும் சோணைமுத்துவின் கை மூடாமல் விரிந்தே இருந்தது.